போர்டு இல்லாத கடை: மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தியம்

மன்னார்குடி பந்தலடியில் இறங்கி "போர்டு இல்லாத கம்ப்யூட்டர் கடை எது?" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அன்றைக்குப் பறந்த போர்டு. பக்கத்துத் தெரு மொட்டை மாடியில் அதன் பாதி கிடைத்ததாம். கடைக்காரத் தம்பி அதை எடுத்து வரவும் இல்லை, புதிதாகப் போடவும் இல்லை. கேட்டால், "பேரு போனதுக்கப்புறம்தான் அக்கா கூட்டம் வருது" என்கிறார். கடைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். இப்போது யாரும் சொல்வதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் நீடாமங்கலம். பத்தொன்பது வருடமாக வீட்டிலேயே டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள், வருடத்துக்கு நாலைந்து கும்பாபிஷேகப் பத்திரிகை. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். அதே விரல், அதே கீபோர்டு அமைப்பு, மெஷின் மட்டும் மாறியது. இப்போது இருப்பது கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. பேஜ்மேக்கர் 7 இன்னும் அதில்தான் ஓடுகிறது. 2001-ல் வந்த, பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நான் பத்து வருடம் சேர்த்து வைத்த ஃபைல்கள் எல்லாம் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன.

போன கார்த்திகையிலிருந்து இந்த மெஷின் செத்துச் செத்துப் பிழைக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருக்கும்போது திரை போகும், கொஞ்ச நேரத்தில் தானே திரும்ப எழுந்து விண்டோஸ் படத்தைக் காட்டும். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் காலையில் மட்டும் மூன்று முறை. திருப்பணிக் குழு உறுப்பினர்கள் என்று நாற்பத்தாறு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் திரு, திருமதி, பின்னால் ஊர், பட்டம். முப்பதாவது பெயரில் திரை போனால் எப்படி இருக்கும் என்று டைப் அடிக்கிறவர்களைக் கேளுங்கள். ஒரு பெயரை விட்டுவிட்டால் ஊரில் சண்டை வந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

முதலில் போனது வேறு ஊரில் வேறு கடை. பெயர் வேண்டாம். சிபியுவை மேஜையில் வைத்ததுமே, அது எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லாமல் "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்கள். 600 ரூபாய். அடுத்த நாள் வாங்கி வந்தேன். எழுத்துருக்கள் அத்தனையும் போயிருந்தன. பேஜ்மேக்கரைத் திரும்ப ஏற்றி, எழுத்துருக்களைப் பழைய சிடிக்களில் தேடித் தேடிப் போட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மாலை, பழையபடி திரை போனது. திரும்ப எடுத்துப் போனேன். அவர்கள் கடையில் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடியதாம். டாக்டர் ரூமுக்குள் போனதும் இருமல் நின்றுவிடும் பிள்ளை மாதிரி. "இங்க நல்லா ஓடுது. அப்படியும் நின்னா மதர்போர்டுதான். 7,500 ஆகும்" என்றார்கள். கடையில் நன்றாக ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது என்றால் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா? இது எனக்கே அப்போது தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் போனிலேயே, "அத்தை, மெஷின்ல நடந்ததை விண்டோஸ் எழுதி வைக்கிற ஈவன்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கும், திறந்து பாருங்க" என்றான். திறந்தேன். சிவப்புக் குறியோடு வரிசையாக கெர்னல் பவர் 41, கெர்னல் பவர் 41. ஏதோ பெரிய நோயைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மெஷின் ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை என்று. நின்றுபோனது எனக்கே தெரியுமே!

கூத்தாநல்லூரில் எனக்கு வேலை கொடுக்கும் பிரஸ்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் போர்டு இல்லாத கடைக்குப் போனேன். தை பிறந்து நாலாம் நாள். சிபியுவை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்று 10 ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயம்தான். அன்றைக்கென்று ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

கடை சின்னது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கேபிள்கள், மூலையில் செத்த பேட்டரிகள் அடுக்கு, ஒரு சாம்பிராணி வாசனை. வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதிலும் அன்றைக்கு ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் போர்வையைப் பிரிப்பதற்குள் கேட்டார்.

"நிக்கும்போது திரை நீலமா வருதா, இல்ல பட்டுன்னு கறுப்பாயிடுதா அக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி. ரீஸ்டார்ட் ஆயிடுது."

"ஒண்ணு இல்லக்கா. மானிட்டர்ல இருக்கிற சின்ன லைட்டும் சேர்ந்து அணையுதா? யூபிஎஸ்ல டிக்னு சத்தம் வருதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இதைக் கவனிக்கவில்லை என்பதில் ஒரு வெட்கம். அந்த வெட்கம் கோபமானது அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது: "அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் எழுதி வச்சுட்டு வாங்க."

பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? திட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் சொல்லியிருக்கும். அவர் அதைப் பொருட்படுத்தாமல் சிபியுவை மட்டும் வாங்கி, ஒரு மானிட்டரில் மாட்டி இரண்டு காரியம் செய்தார். முதலில், "எது போனா நீங்க அழுவீங்க?" என்று கேட்டார். டி டிரைவ் முழுக்க என்றேன். அதிலிருந்த 84 ஜிபியையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டார். கோளாறு இருக்கிற மெஷினைத் தொடுவதற்கு முன்னால் முதல் வேலை இதுதானாம். முதல் கடையில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. அங்கே என் ஃபைல்கள் தப்பியது அவை சி டிரைவில் இல்லாததால் மட்டும்தான்.

காப்பி ஓடும் நேரத்தில் நான் ஹரித்ரா நதிப் படிக்கட்டு வரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பெயர்தான் நதி, உண்மையில் குளம். ஆனால் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரையைப் பார்த்தால் நதி என்று சொன்னதில் தப்பில்லை என்று தோன்றும். தை மாதத்தில் தண்ணீர் ததும்ப நின்றது. கோபம் பாதி அங்கேயே கரைந்தது.

இரண்டாவது காரியம், விண்டோஸில் ஒரு டிக் குறியை எடுத்துவிட்டது. விண்டோஸ் ஏதோ தப்பைக் கண்டு நின்றுபோகும்போது காட்டுவதுதான் நீலத்திரை. அது வந்தால் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும்படிதான் முதலிலேயே வைத்திருப்பார்கள். அதனால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் போய்விடும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்டப் அண்டு ரெகவரி, அங்கே இருக்கும் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதன் டிக்கை எடுத்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். நாம் போனில் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். உங்கள் வீட்டு மெஷின் அடிக்கடி விழுந்து எழுகிறது என்றால் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் இதை மட்டும் செய்துவிடுங்கள், காசு செலவில்லை. ஒரு விஷயம், விண்டோஸ் 11-ல் 2025-ல் அந்த நீலத்தையே கறுப்பாக மாற்றிவிட்டார்கள். தம்பி அதற்கு மட்டும் மைக்ரோசாஃப்ட்காரர்களைக் கோபித்துக்கொண்டார். "ஊர்ல எல்லாருக்கும் நீலம் கறுப்புன்னு சொல்லிப் பழக்கி வச்சிருந்தேங்க்கா" என்றார். அவர்களுக்கு இப்போது எழுத்து இருக்கிறதா, இருட்டாக இருக்கிறதா என்று கேட்கிறாராம்.

வீட்டுக்கு வந்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். நாள், மணி, நீலமா கறுப்பா, என்ன செய்துகொண்டிருந்தேன், சத்தம். சொன்னபடி எழுதினேன். ஏழு நாளில் பதினான்கு பதிவுகள். நீலம் ஒன்பது, கறுப்பு ஐந்து.

எழுதி வைத்த பிறகுதான் கண்ணில் பட ஆரம்பித்தது. வெறுமனே டைப் அடிக்கும்போது நீலம் வரவே இல்லை. கோரல் ட்ராவில் மாப்பிள்ளை பெண் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ் வேலை, கூடவே பேஜ்மேக்கர், கூடவே பிரவுசரில் இரண்டு மூன்று ஜன்னல், இப்படி நிறையத் திறந்து வைத்திருந்தபோதுதான் வந்தது. நீலத்திரையில் இருந்த பெயரும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இல்லை. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, இன்னொரு நாள் வேறேதோ. கறுப்பு வந்தபோதெல்லாம் யூபிஎஸ்ஸில் டிக் என்று ஒரு சத்தம், மானிட்டர் விளக்கும் சேர்ந்தே அணைந்தது. அதில் நான்கு முறை பிரிண்டரில் பேப்பர் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் அணைந்ததால் பேப்பர் மாட்டிக்கொண்டது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை போனபோது ஸ்டூல் காலியாக இருந்தது. தம்பி என் தாளை வாங்கி, டீ ஆறுவது தெரியாமல் படித்தார். பிறகு ஈவன்ட் வியூவரைத் திறந்து, அதே கெர்னல் பவர் 41 வரிசையைக் காட்டினார். நான் விட்ட இடம் எது என்றால், ஒவ்வொரு பதிவுக்கும் டீடெயில்ஸ் என்று உள்ளே ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பக்செக்கோடு என்று ஒரு வரி. அந்த வரியில் பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது, அல்லது மெஷின் உறைந்து நின்றிருக்கிறது. எண் ஏதாவது இருந்தால் நீலத்திரை வந்து விழுந்திருக்கிறது. அவர் மணியைப் படிக்கப் படிக்க நான் என் தாளில் விரல் வைத்துப் பார்த்தேன். செவ்வாய் 11.20, நான் நீலம் என்று எழுதியது, அங்கே 26. அதுதான் மெமரி மேனேஜ்மென்ட்டின் எண்ணாம். புதன் மாலை 6.05, நான் கறுப்பு, அங்கே 0. வியாழன் காலை நீலம், அங்கே 80, பேஜ் ஃபால்ட். பதினான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ ப்ரூஃப் ஒத்துப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு திருத்தம்கூட இல்லாமல் ஒத்துப்போன தாள் இதுதான்.

"ரெண்டு வியாதிக்கா" என்றார். "ஒண்ணா சேர்ந்து வந்துடுச்சு. அதான் யாரு எதைப் பண்ணாலும் நிக்கல."

கறுப்பை முதலில் எடுத்துக்கொண்டார். பிரிண்டர் என்ன வகை என்று கேட்டார். லேசர் என்றேன். "அதோட ப்ளக் எங்க சொருகியிருக்கு?" சுவரில்தான் என்றேன். "வீட்ல யாராச்சும் இருந்தா கேளுங்களேன்." எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கும் முனகல் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "அது யூபிஎஸ்லதான் இருக்கு" என்றார். "யார் மாத்தினது?" கார்த்திகை மழையில் கொசுத் தொல்லை தாங்காமல், கொசு மட்டையை சார்ஜ் போட சுவர் ப்ளக் வேண்டியிருந்ததாம். பிரிண்டரைப் பிடுங்கி யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு, மட்டையைச் சுவரில் போட்டிருக்கிறார். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையாம்.

எங்களுடையது 600 விஏ யூபிஎஸ். அதாவது 360 வாட் தாங்கும். லேசர் பிரிண்டருக்குள் பொடியை உருக்கிப் பேப்பரில் ஒட்ட வைக்க ஒரு சூடான உருளை இருக்கிறது, இஸ்திரிப் பெட்டி மாதிரி. அது சூடேறும் நேரத்தில் சின்ன பிரிண்டர்கூட நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். சிபியு, மானிட்டரோடு அதுவும் சேர்ந்தால் சின்ன யூபிஎஸ்ஸால் முடியாது. யூபிஎஸ் செய்கிறவர்களே லேசர் பிரிண்டரை பேட்டரி ப்ளக்கில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அது திணறிப் பேட்டரிக்கு மாறுகிறது, டிக். பேட்டரியோ மூன்றரை வருடத்துப் பேட்டரி, பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு நொடி எல்லாமே போய்த் திரும்ப வருகிறது. முதல் கடையில் பிரிண்டரும் இல்லை, என் யூபிஎஸ்ஸும் இல்லை. அங்கே எப்படி நிற்கும்?

நீலத்துக்கு ராம்தான், அதாவது திறந்து வைத்த வேலையை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்தான், என்று சந்தேகம். பெயர் மாற்றி மாற்றி வந்தால் ராமைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். மூடியைக் கழற்றினார். அதை நான் இங்கே எழுத வேண்டுமா என்று யோசித்தேன், பரவாயில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே வயல். அறுவடை மெஷின் ஓடும்போது வரும் சுணைத்தூசி அத்தனையும் ஃபேனில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. அடியில் பல்லி முட்டை ஓடு இரண்டு. கடைப் பையன் சிரித்துவிட்டான். "இவ்வளவுதானா? எலிக்குஞ்சே எடுத்திருக்கோம்" என்று தம்பி என் மானத்தைக் காப்பாற்றினார்.

அதில் 4 ஜிபி ராம் இரண்டு இருந்தன. பென்சில் ரப்பரால் அவற்றின் தங்கநிறப் பற்களைத் தேய்த்துத் துடைத்தார். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஒரு பென்டிரைவிலிருந்து ஓடவிட்டார். விண்டோஸே திறக்காமல் ராமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்த்துத் திரும்பப் படிக்கிற சோதனை அது. எழுதியதும் படித்ததும் ஒத்துவராவிட்டால் தப்பு என்று எண்ணிக்கொண்டே போகும். ஒரு சுற்று முடியவே மணிக்கணக்காகும். அதனால் மெஷினை விட்டுவிட்டு வரச் சொன்னார். போகும் முன் என் கண்ணெதிரே ஒரு ராமை மட்டும் போட்டு ஆரம்பித்தார். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டார். ஏழாவது எட்டாவது நிமிடத்தில் சிவப்பு வரி ஒன்று வந்தது. பிறகு மளமளவென்று திரை சிவந்தது. அதோடு விடவில்லை. அதே ராமைப் பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போட்டுத் திரும்ப ஓட்டினார். அங்கேயும் சிவப்பு. அப்போ ஸ்லாட் நல்லது, ராம்தான் கெட்டது. மதர்போர்டு பிழைத்தது. 7,500 ரூபாய் எனக்கு மிச்சமானது அந்த ஒரு மாற்றலில்தான்.

"ராம் கெட்டுப்போனா எப்பவுமே நிக்கணுமே தம்பி? சில நாள் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"முழுசா கெடலக்கா. உள்ள ஒரு சின்ன இடம் கெட்டிருக்கு. நீங்க நிறைய ஃபைல் திறந்து, அந்த இடத்துக்கு வேலை போறப்பதான் மாட்டும்."

எனக்கு உடனே புரிந்தது. நான் பழகிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு மெஷினில் ழ அச்சு உடைந்திருந்தது. ழ வராத பாடத்தை அடிக்கிறவரை அது நல்ல மெஷின்தான். வாழைப்பழம் வந்தால்தான் தெரியும். இதைச் சொன்னதும் தம்பி, "இனிமே எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போறேன்" என்றார். கஸ்டமரிடமே பாடம் கேட்டுக்கொள்கிற ரிப்பேர்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பயணம். அதற்கும் லக்கேஜ். யூபிஎஸ் பார்க்கச் சின்னது, தூக்கினால் அம்மிக்கல். அதற்கு அடுத்த நாள் எல்லாம் தயார். நாலாவது பயணம் வீட்டுக்காரரை அனுப்பினேன், அது தண்டனைக் கணக்கில்.

கணக்கு இதுதான்: பார்த்துச் சோதித்ததற்கு 300. பழைய 4 ஜிபி ராம் ஒன்று, நன்றாக ஓடுகிற செகண்ட் ஹேண்ட், 450. யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 1,050, பழைய பேட்டரிக்கு 150 கழித்து 900. தூசி தட்டி, பிராசசருக்குப் புதுப் பேஸ்ட் வைத்ததற்கு 200. மொத்தம் 1,850. காப்பி போட்டதற்குத் தனியாகக் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சோதனை சாஃப்ட்வேரில் போட்டுக் காட்டினார், கெட்ட செக்டார் ஒன்றும் இல்லை. சோதித்ததற்கு 300 ரூபாயா என்று எங்கள் வீட்டுக்காரர் இழுத்தார். எனக்கு அந்த 300 தான் சரியாகச் செலவான காசு. மற்றதெல்லாம் சாமான் விலை. அந்தக் காசை எல்லாக் கடையும் வெளிப்படையாக வாங்கினால், எதையாவது மாற்றிப் போட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலைமை அவர்களுக்கும் வராது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுதான். பழைய ராமுக்கு ஒரு மாதம் வாய்வார்த்தை உத்தரவாதம், அவ்வளவுதான். போன் எடுக்கவே மாட்டார். ஆறு முறை கூப்பிட்டு ஏழாவது முறை பையன் எடுத்து "அண்ணன் சாப்பிடப் போயிருக்காங்க" என்றான், மணி மூன்றே முக்கால். காலை பதினொன்றுக்குத்தான் திறக்கிறார், மதியம் ஒன்றரைக்கு மூடினால் நாலரைக்கு மேல். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போல் குளக்கரைதான். வீட்டுக்கு வந்து பார்ப்பது மன்னார்குடிக்குள் மட்டும். என் வீட்டுக்கு அவர் வந்திருந்தால் ப்ளக்கை ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார், எனக்கு மூன்று பஸ் மிச்சமாகியிருக்கும். கடைக்குள் கொசுவும் உண்டு. மட்டை ஒன்று வாங்கித் தரலாம் என்று பார்த்தேன், பிறகு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அவசர வேலை என்று போகிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. அன்றைக்கே வேண்டும் என்று கேட்ட ஒருவரை, நான் இருக்கும்போதே, "அப்ப வேற கடைக்குப் போங்கய்யா" என்று அனுப்பிவிட்டார். அந்த ஐயா தலையில் அடித்துக்கொண்டே போனார். எனக்கு அவர் மேல் பரிதாபம்தான், நானும் முதல் நாள் அப்படித்தான் நின்றேன்.

புது கம்ப்யூட்டர் வாங்கிவிடவா என்றும் கேட்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது, என் மெஷினில் 11 முறைப்படி ஏறாது. விற்பதற்கு அவரிடம் இரண்டு சிஸ்டம் அலமாரியில் இருந்தன. அதைக் காட்டவே இல்லை. "பேங்கு, மெயிலு எல்லாம் போன்ல பாருங்க. இதுல நெட்டைப் பிடுங்கிட்டு டைப் மட்டும் அடிங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்" என்றார். அப்படியே செய்திருக்கிறேன். பத்திரிகை அனுப்ப மட்டும் பென்டிரைவில் எடுத்து வீட்டுக்காரரின் லேப்டாப்பில் போட வேண்டியிருக்கிறது, அது ஒரு எரிச்சல்.

மெஷின் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. கும்பாபிஷேகப் பத்திரிகை நாற்பத்தாறு பெயரோடு அச்சாகிப் போய்விட்டது. பிரிண்டர் சுவர் ப்ளக்குக்குத் திரும்பிவிட்டது, கொசு மட்டை இப்போது சாமி அறையில் சார்ஜ் ஆகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. என் தாளில் கறுப்பு ஐந்து, அதில் நான்குதான் பிரிண்ட் எடுக்கும்போது. சனிக்கிழமை இரவு 9.10-க்கு வந்த ஐந்தாவதன்போது பிரிண்டரை நான் தொடவே இல்லை. தம்பி அந்த வரியின் மேல் பேனாவால் வட்டம் போட்டு, "இது ஒண்ணு மட்டும் கணக்குல வரலையேக்கா" என்று இரண்டு முறை சொன்னார். பேட்டரி மாற்றியதும் அதையும் சேர்த்து மறந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன், அவருக்கு மனசு ஆறவில்லை. போன வாரம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. சனிக்கிழமை இரவு செருப்பைத் தேடி மேஜைக்கு அடியில் காலை விட்டபோது ஏதோ ஸ்விட்ச் காலில் பட்ட மாதிரி இருந்தது என்றார் எங்கள் வீட்டுக்காரர். அடுத்த முறை மன்னார்குடி போகும்போது தம்பியிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் எடுக்க மாட்டார்.